மலையில் காம்பேக்ட் கேமரா: வாங்குவது முதல் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருப்பது வரை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வேலைக்கோ குடித்தனத்துக்கோ வந்து, முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. கையில் இருக்கும் பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிட்டு, அதை அதன் தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சமவெளியில் அப்படி வைத்தாலும் பல வருஷம் ஓடும். இங்கே இரண்டு மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். காம்பேக்ட் என்ற கையடக்கக் கேமராவின் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் உள்ளே படர்ந்த பூஞ்சையைத் துடைப்பது சாதாரண வேலையல்ல. அதனால் பட்ஜெட்டில் 100 ரூபாய்க்கு 15 ரூபாயை டப்பா, பேட்டரி, கார்டு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

1. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

அகலமான மலைக்காட்சி மட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல போன் போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். காம்பேக்ட் கேமரா தருவது லென்ஸே நகர்ந்து இழுக்கும் நிஜமான ஆப்டிகல் ஸூமும், சில மாடல்களில் கொஞ்சம் பெரிய சென்சாரும் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு).

ஸூம் நீளமாக இருக்கும் மாடல்களில் சென்சார் சின்னது. 1/2.3 அங்குலம் என்பார்கள். உண்மையான அளவு சுமார் 6.2 × 4.6 மி.மீ. கேனான் எஸ்எக்ஸ்740 போன்ற 40 மடங்கு ஸூம் கேமராக்கள் இந்த ரகம். வெயிலில் பறவை எடுக்க நன்றாக இருக்கும். மூட்டம் இறங்கிவிட்டால் அந்த ஸூமால் பயன் இல்லை, எதிரில் வெள்ளைத் திரைதான் தெரியும்.

ஒரு அங்குல சென்சார் என்று விற்கப்படும் ரகத்தில் (சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7 எக்ஸ் வரிசை) சென்சார் 13.2 × 8.8 மி.மீ., அதாவது பரப்பளவில் நான்கு மடங்கு. சோலைக்காட்டு நிழல், மழை நாள் மாலை, வீட்டுக்குள் வெளிச்சம் என்று இங்கே பாதி நேரம் மங்கலான வெளிச்சத்தில்தான் படம் எடுப்பீர்கள். ஒரே கேமரா என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கூடலூர், பந்தலூர், எமரால்டு, அவலாஞ்சி பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வெளியே கேமராவை எடுக்கவே முடியாது. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற தண்ணீர் புகாத கேமரா 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். படத்தரம் ஒரு படி குறைவுதான், ஆனால் பையிலிருந்து வெளியே வரும் கேமராதான் படம் எடுக்கும். மற்ற காம்பேக்ட்களில் பெரும்பாலானவை தூறலுக்குக்கூடச் செய்யப்பட்டவை அல்ல.

2. பில், சீரியல் நம்பர், வாரண்டி

புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் அச்சாகியிருக்க வேண்டும். "கேமரா 1" என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். கேமராவின் அடியில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். ஸ்டுடியோ போன்ற தொழில் நடத்தி ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால் உங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். வரி 18 சதவீதம், உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கணக்கில் எடுக்கலாம்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், "இந்திய வாரண்டியா, கடை வாரண்டியா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த சரக்குக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இங்கே இலவசமாகக் கை வைக்காது. கடை வாரண்டி என்பது அந்தக் கடைக்காரர் போனை எடுக்கும்வரைதான்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியை உடைப்பதிலிருந்து கேமரா உயிர் பெறுவதுவரை வெட்டாத ஒரே வீடியோவாக போனில் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு சில நாட்கள்தான், அதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் தாமதமாகும். அக்டோபர், நவம்பரில் வெளியூர்ப் பயணத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்னதாகவே ஆர்டர் போடுங்கள்.

பில்லையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். கேமரா திருடு போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

3. செகண்ட் ஹேண்ட் என்றால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

உங்கள் மெமரி கார்டையும் ஒரு போன் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள்.

கேமராவை ஆன் செய்து ஸூமை முழுவதும் வெளியே தள்ளி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து லென்ஸுக்குள் அடியுங்கள். சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. தனித்தனிப் புள்ளியாக இருந்தால் தூசி; கொஞ்சம் தூசி பரவாயில்லை. மலையில் பல வருஷம் இருந்த கேமரா என்றால் இந்தச் சோதனையில் கண்டிப்பு காட்டுங்கள்.

பிறகு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ, லென்ஸில் வெளிச்சம் புகும் துளையை (அப்பர்ச்சர்) முடிந்தவரை சிறிதாக்கி எடுங்கள். எஃப்/8 அல்லது எஃப்/11. படத்தைப் பெரிதாக்கினால் சென்சாரில் ஒட்டிய தூசி சாம்பல் நிறத் திட்டாகத் தெரியும். உள்ளிழுத்து வெளியே தள்ளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும், அதனால் இந்த ரகக் கேமராவில் இது சகஜம். ஆனால் சென்சாரை நாமே துடைக்க வழியில்லை.

ஸூமைப் பத்து முறை உள்ளே வெளியே ஓட்டிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ நடுவில் நின்றாலோ விட்டுவிடுங்கள். "லென்ஸ் எரர்" காட்டி நிற்கப்போகும் கேமரா அது. அப்படியே ஃபிளாஷ், பேட்டரி மூடியின் கொக்கி, ட்ரைபாட் திருகு ஓட்டை, வீடியோவில் மைக், சார்ஜ் ஏறும் துளை எல்லாம் ஒரு சுற்று. உடம்பில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

2005, 2008 காலத்துப் பழைய டிஜிகேமராக்களைத் தேடி வாங்கும் மோகம் இப்போது இளசுகளிடம் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் கார்டைக் கேளுங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு, பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக் வேண்டும். இவை புதிதாகக் கிடைப்பது அரிது. எஸ்டி கார்டு போடும் கேமராவிலும் மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேல் படிக்காது, அடுத்த தலைமுறை 32 ஜிபியோடு நின்றுவிடும்.

பணம் கைமாறும் முன் ஒரு விற்பனைக் கடிதம்: மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி, விற்பவர் பெயர், போன், கையெழுத்து. கூடவே அடையாள அட்டை நகல், அதன் குறுக்கே "கேமரா விற்பனைக்கு மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். ஆதார் என்றால் எண் மறைத்த நகலே போதும். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால் தேதியும் பெயரும் தானாகப் பதிவாகிவிடும்.

4. கூட வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

பேட்டரி இரண்டு. இந்தச் சின்னக் கேமராக்கள் ஒரு சார்ஜில் சுமார் 250 படம்தான் எடுக்கும் என்று நிறுவனங்களே சொல்கின்றன. குளிரில் அது இன்னும் சுருங்கும். சோனி ஆர்எக்ஸ்100க்கு என்பி-பிஎக்ஸ்1, கேனான் ஜி7 எக்ஸுக்கும் எஸ்எக்ஸ்740க்கும் என்பி-13எல். நிறுவனத்தின் ஒரிஜினல் பேட்டரி விலை கசக்கும். பெயர் தெரிந்த வேறு தயாரிப்பு 1,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். ஒரிஜினல் என்ற பெயரில் பாதி விலைக்கு வருவது போலி. உப்பிய பேட்டரியை உள்ளே திணிக்காதீர்கள், பிறகு வெளியே வராது. தனிச் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் கேமராவின் சார்ஜ் துளை தேயாமல் தப்பிக்கும்.

கார்டு: 64 ஜிபி, வி30 (வீடியோ எழுதும் வேகக் குறி) என்று போட்டது. 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஓடிவிடும். ஒரே பெரிய கார்டைவிட 64 ஜிபி இரண்டு நல்லது. புதுக் கார்டைக் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். டால்பின் மூக்கு, சிம்ஸ் பூங்கா பக்கம் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். பளபளப்பான கேமராவும் அதற்குத் தின்பண்டம்தான். சின்ன ட்ரைபாட், காற்று அடிக்கும் ரப்பர் பிளோயர், இரண்டு மைக்ரோஃபைபர் துணி போதும்.

தோல் உறை வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு முதலில் அதுவே பூஞ்சை பிடிக்கும். லென்ஸ் முனையில் ஒட்டும் ஃபில்டர் வளையமும் வேண்டாம். அந்த எடையைத் தள்ளுவதற்கு உள்ளே இருக்கும் மோட்டார் செய்யப்படவில்லை. மழைக்குக் கேரி பேக் சுற்றிக்கொள்ளும் யோசனையும் எடுபடாது, மாவட்டத்தில் அதற்குத் தடை. மடித்து மூடும் டிரை பேக் ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

5. உலர் டப்பா

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று. பீரோவில் மூன்றும் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. மழைக்காலத்தில் மலை வீட்டுக்குள் 80, 90 சாதாரணம். கேமரா இருக்கும் இடம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 30க்குக் கீழே போனாலும் நல்லதல்ல, ரப்பரும் உள்ளே போட்ட கிரீஸும் காய்ந்துபோகும்.

தேவையான சாமான்:
ரப்பர் வளையமும் நாலு பக்கம் கிளிப்பும் உள்ள 5 லிட்டர் காற்றுப்புகாத டப்பா, 300 முதல் 500 ரூபாய்.
ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், 200 முதல் 400 ரூபாய்.
ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் அரை கிலோ, 300 ரூபாய்க்குப் பக்கத்தில். நீல நிறம் வேண்டாம், அதில் உள்ள கோபால்ட் குளோரைடு உடம்புக்குக் கெடுதல்.

100 முதல் 150 கிராம் ஜெல்லைப் பழைய பருத்தித் துணியில் கட்டி டப்பாவின் அடியில் வையுங்கள். மேலே ஒரு அட்டை, அதன்மேல் கேமரா. மணிகள் கேமராமீது நேரடியாகப் படக் கூடாது, தூள் லென்ஸ் வளையத்தில் புகுந்துவிடும். மீட்டரை வெளியிலிருந்து பார்த்தே படிக்கும்படி சாய்த்து வையுங்கள். மூடிய சில மணி நேரத்தில் எண் இறங்கத் தொடங்க வேண்டும். மறுநாளும் 60க்கு மேலேயே நின்றால் மூடி சரியாக மூடவில்லை, அல்லது ஜெல் ஏற்கெனவே ஈரம் குடித்தது. எண் 30க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள்.

ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறினால் வறுக்கும் நேரம். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பழைய வாணலியில், அடுப்பை மிகச் சிறிதாக வைத்து, கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் திரும்பும். தீ அதிகமானால் மணி கருகி நிறம் காட்டும் திறனை இழக்கும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். சூடு ஆறும்வரை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள்; திறந்து ஆறவிட்டால் காற்றில் உள்ள ஈரத்தை அதற்குள் குடித்துவிடும். நிறம் மாறாத வெள்ளை ஜெல் என்றால் தராசு உதவும்: 100 கிராம் வைத்தது 115, 120 ஆனதும் வறுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கடி; குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஊட்டிக்கு இரண்டு மழையும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. காலண்டரைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள்; 55 தொட்டால் வறுங்கள்.

அரிசியில் புதைப்பது, அந்துருண்டை போடுவது இரண்டும் வேண்டாம். அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது, மாவு மட்டும் ஒட்டும். அந்துருண்டை ஆவி பிளாஸ்டிக்கிலும் லென்ஸ் பூச்சிலும் படியும்.

வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து, ஸூமை ஓட்டி, நாலு படம் எடுங்கள். மூன்று மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிப் பாதிச் சார்ஜில் தனியாக வையுங்கள். இரண்டு மூன்று கேமரா சேர்ந்துவிட்டால் மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி வாங்கலாம். ஒரே காம்பேக்ட்டுக்கு அது வீண் செலவு.

6. குளிரிலிருந்து சூட்டுக்குக் கொண்டுவரும்போது

விடியற்காலைத் தலைகுந்தாவில் உறைபனி எடுத்துவிட்டு, நேராகக் கணப்பு எரியும் அறைக்குள் வந்து கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளேயும் நீர் கோக்கும். வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் பவுச்சில் போட்டு இறுக்கி மூடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு 45 நிமிடமாவது திறக்காதீர்கள். படம் பார்க்கும் அவசரம் இருந்தால் வெளியிலேயே கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே கதைதான். ஊட்டிக் குளிரில் ஊறிய கேமராவைக் கல்லாற்றின் புழுக்கத்தில் திறந்தால் நொடியில் மங்கிவிடும். பை ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

குளிரில் பேட்டரி திடீரென்று தீர்ந்ததாகக் காட்டும். தூக்கிப் போடாதீர்கள், ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்தால் மிச்சம் திரும்பும். மாற்றுப் பேட்டரியை எப்போதும் உடம்போடு வையுங்கள், சில்லறைக் காசு, சாவி இருக்கும் பையில் மட்டும் வேண்டாம்.

7. மூட்டத்தில் எடுக்கும் செட்டிங்

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மூட்டத்தில் அது எதிரே வெள்ளைக் குமிழிகளாகத்தான் விழும்.

மூட்டத்தையும் உறைபனியையும் கேமரா சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பிளஸ் மைனஸ் பட்டனில் +0.7 அல்லது +1 வைத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். தேயிலைச் சரிவில் உச்சி வெயிலில் இலை பளபளத்தால் எதிர்த்திசையில் -0.3. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயில் குறியில் நிறுத்தினால் காலை நீலம் அப்படியே தங்கும்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் நடுப்புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, மரத்தண்டு, கூரை விளிம்பு என்று கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டகத்தை நகர்த்துங்கள். ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) உச்சத்தை ஒரு அங்குல சென்சாரில் 1600, சின்ன சென்சாரில் 800 என்று கட்டிவிடுங்கள். ஸூம் 200 மி.மீ. என்றால் ஷட்டர் 1/250க்குக் குறையாமல் பாருங்கள்.

லென்ஸில் ஈரம் படிந்தால் முதலில் பிளோயர், பிறகுதான் துணி. மணல் துகள் இருக்கும்போது துடைத்தால் கோடு விழும்.

8. எங்கே எடுக்கக் கூடாது, எங்கே கட்டணம்

அரசுத் தாவரவியல் பூங்கா, சிம்ஸ் பூங்கா போன்ற இடங்களில் கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு; நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கவுன்டர் பலகையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டை வெளியே வரும்வரை வைத்திருங்கள். கல்யாண ஜோடி, விளம்பரம் என்று தொழிலுக்கு எடுப்பதற்கு அந்தச் சீட்டு செல்லாது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை: கேமரா பைக்குள். மலை ரயில் இந்த இரண்டு நிலையங்கள் வழியாகத்தான் போகிறது. ஜன்னலில் வீடியோ ஓடவிட்டு வருபவர்கள் இங்கே நிறுத்திவிடுவது நல்லது.

முதுமலைச் சாலையில் யானையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் நிற்கும் காட்டெருமை சாதுவாகத் தெரியும்; உங்களிடம் ஸூம் இருக்கிறது, இருந்த இடத்திலிருந்து இழுத்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போனால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், கோயிலை நெருங்க வேண்டாம்.

9. ரிப்பேர் வந்தால்

"லென்ஸ் எரர்" வந்தால் கையால் இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து முழுச் சார்ஜில் போட்டு, லென்ஸ் வளையத்தைச் சுற்றி பிளோயர் அடித்து ஒரு முறை ஆன் செய்யுங்கள். மணல் சிக்கியது, பைக்குள்ளேயே ஆன் ஆகி முட்டியது, சார்ஜ் தீர்ந்து நடுவில் நின்றது: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். இரண்டாம் முறையும் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

பூஞ்சை, தண்ணீர், விழுந்து உடைந்தது ஆகியவை பொதுவாக வாரண்டியில் வராது. சர்வீஸில் லென்ஸ் யூனிட்டை மொத்தமாகவே மாற்றுவார்கள். பழைய கேமராவுக்கு அந்தச் செலவு அதே மாடலின் செகண்ட் ஹேண்ட் விலையைத் தொட்டுவிடும். அதனால் முதலில் மதிப்பீடு மட்டும் கேளுங்கள், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் மூன்று, மூன்றரை மணி நேரம். கிளம்பும் முன் போன் செய்து, உங்கள் மாடலை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். சொந்தக் காரில் போய்வந்தால், வண்டிக்கு டி.என்.43 என்ற நீலகிரிப் பதிவு இல்லாத புதியவர்களிடம் திரும்பி ஏறும்போது இ-பாஸ் (மாவட்டத்துக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) கேட்பார்கள். முதல் நாளே எடுத்து வையுங்கள்.

கொடுக்கும்போது கார்டைக் கழற்றிவிடுங்கள். ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பர், ஏற்கெனவே இருந்த கீறல்கள், கூடக் கொடுத்த சாமான் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். திரும்ப வாங்கும்போது உங்கள் கார்டைப் போட்டு, ஸூமைப் பத்து முறை ஓட்டி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திறந்து மூடியதில் தூசி புகுந்திருந்தால் கவுன்டரிலேயே சொல்லித் திரும்பக் கொடுத்துவிடலாம். பஸ் ஏறிய பிறகு தெரிந்தால் மறுபடி ஒரு நாள் லீவு போட வேண்டும்.